எட்டு இடம் தள்ளி

குப்பம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் என் கடை.
ஜெராக்ஸ், டைப்பிங், ஆதார் திருத்தம்.
கிரானைட் லாரி போகும்போதெல்லாம்
விசைப்பலகையில் வெள்ளையாய் ஒரு படலம்.
ஊதிவிட்டுத்தான் அடுத்த எழுத்து.

ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தேன்.
குனிந்து உள்ளே வந்தாள் அல்கானெஷ்.
ஹால் டிக்கெட் எடுக்க வருகிறவள்
அன்று போனை மட்டும் நீட்டினாள்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பெயர், வயது, பெயர், வயது.
என்ன பட்டியல் என்று சொல்லவில்லை.
தம்பி பெயர் ட்ஸெகாயெ என்றாள்.
(அந்த முதல் சத்தம்
பல்லுக்குப் பின்னால் வெடிக்கிறது.
நான் இங்கே எழுதியிருப்பது
பாதிப் பொய்.)
தேடினால் இல்லை என்கிறதாம்.

என் திரையில் முதலில்
எல்லாரும் கட்டங்களாக வந்தார்கள்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும்
ஆளில்லாத ஜன்னல்.
எழுத்துரு இறக்கினேன். அதற்குள்
ஜோலார்பேட்டை பாசஞ்சர் போய்விட்டது.
பிறகு ஒவ்வொரு கட்டத்திலும்
யாரோ விளக்குப் போட்டார்கள்.

அவள் தட்டிய எழுத்து இது: ጸ
கால் ஊன்றி நிற்கிறது.
இயந்திரத்தில் அதன் கதவு எண் 1338.
அவர்களுக்கு அசைக்கு ஓர் எண்,
உயிரும் மெய்யும் சேர்த்து ஒரே பட்டா.
நமக்குக் 'கோ' என்றால்
க தனி, ஓகாரம் தனி,
ஒண்டுக்குடித்தனம்.
பொறாமையாகக்கூட இருந்தது.

தேடு என்றேன்.
இல்லை என்றது.
இன்னொரு முறை.
இல்லை.
அவள் நகம் மேசையின் சன்மைக்காவைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு பத்திரம்.
கருப்பசாமியைத் தேடித் தேடி
கறுப்பசாமியாகக் கண்டுபிடித்தேன்.
ர-வும் ற-வும் அடுத்தடுத்த வீடு,
ஒரே சுவர்,
ஒருவரை ஒருவர் தெரியாது.
வாக்காளர் பட்டியலில் நானும்
எழிலரசி இல்லை, எளிலரசி.
தெலுங்கு எழுத்தில் அந்த ழ-வுக்கு இடம் கிடையாது.
ஓட்டுப் போட மட்டும்
நான் வேறொருத்தி.

அதனால் கேட்டேன்,
இதே சத்தத்துக்கு இன்னோர் எழுத்து இருக்கிறதா?

அவள் நகம் நின்றது.
"உந்தி" என்றாள்.
நாலு வருஷத் தெலுங்கு.
உண்டு.
வட்டத்துக்குள் ஒரு கோடு: ፀ
வீட்டில் ஒன்று எழுதுவார்களாம்,
பள்ளிக்கூடத்தில் மற்றது.
வாய்க்கு வித்தியாசம் தெரியாது,
யாரும் திருத்தியதும் இல்லை.

கதவு எண் 1340.
முப்பத்தெட்டுக்கு அப்புறம் இரண்டு தள்ளி
என்று நினைத்துவிடாதீர்கள்.
இயந்திரத்துக்குப் பதினாறு விரல்.
எட்டு இடம் தள்ளி,
ஒரு முழு வரிசை தாண்டி,
அடுத்த தெருவில்
அவன் நின்றுகொண்டிருந்தான்.
பக்கம் நூற்று நாற்பத்தொன்று.
மஞ்சள் விழுந்தது.
இருபத்து மூன்று வயது.

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது.
அதற்கு எந்த மொழியிலும் எண் இருக்காது.
சந்தோஷமா மற்றதா
எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.
பட்டியலின் தலைப்பு
பெரிய எழுத்தில் முதல் பக்கத்திலேயே இருந்தது.
எனக்குத்தான் அதைப் படிக்கத் தெரியாது.

அந்த ஒரு பக்கத்தை மட்டும் கேட்டாள்.
பிரிண்டர் மறுபடி கட்டங்களைத் துப்பியது.
படமாக மாற்றிக் கொடுத்தேன்.
ஐந்து ரூபாய் வைத்தாள், எடுக்கவில்லை,
எடுக்கவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.
ஷட்டருக்குக் கீழே குனிந்து
போய்விட்டாள்.

தேடும் பெட்டியில் அவன் முதல் அசை
இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.
'கோ'வை அழித்தால்
கொம்பும் காலும்தான் போகும்,
க கொஞ்ச நேரம் நிற்கும்,
இன்னொரு தட்டு தட்ட வேண்டும்.
இது அப்படியில்லை.
ஒரே தட்டு,
முழுதாகப் போய்விடும்.

காலையில் ரேஷன் கார்டுக்காரர்கள் வருவார்கள்.
கணினியை அணைக்காமல்
திரையை மட்டும் அணைத்துவிட்டு
பூட்டினேன்.